கௌரவமாகப் பின்வாங்கும் முறை

எங்கள் அலுவலகம் எதிலிருந்தும் பின்வாங்கியதில்லை. பாலத்தை ஆறில்லாத இடத்தில் கட்டினாலும் சரி, பட்ட மரத்தை விட்டுவிட்டுப் பச்சை மரத்தை வெட்டினாலும் சரி, செய்தது செய்ததுதான் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற அலுவலகம் அது. ஆனால் காலம் மாறுகிறதே. பின்வாங்குவதிலும் ஒரு நாகரிகம் வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்து, அதற்கான ஆங்கிலத்தைச் சொல்லித்தர ஒருவரை நியமித்தது. எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் அவருக்குக் கோட்டு வாத்தியார் என்று பெயர் விழுந்தது.

முதல் வகுப்பிலேயே மனிதர் எங்கள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தமிழ்ல பின்வாங்கினா மானம் போச்சு, அவ்வளவுதான். இங்கிலீஷ்ல அப்படி இல்லை. தோத்த படை ரிட்ரீட் பண்ணும். வெள்ளம் வடிஞ்சா அது ரிசீட். வாக்குக் குடுத்துட்டு முழிக்கிறவன் பேக் அவுட் பண்ணுவான். ஆனா போட்டதைத் தானே எடுத்துக்கிறவன் இருக்கானே, அவன் வித்ட்ரா பண்றான். அதுல அவமானமே கிடையாது. வார்த்தையைப் பார்த்து எடுத்தீங்கன்னா எங்கேயிருந்து வேணாலும் தலைநிமிர்ந்து திரும்பி வரலாம்."

அப்புறமென்ன, வகுப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஊர்க்காரர்களுக்கும் மாலை வகுப்பு வைத்தார்கள். என் அக்கா குடியிருக்கிற தெருவில் தையல்காரர், பெட்டிக்கடைக்காரர், எதிர்வீட்டு மாமா என்று ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்தார்கள். அக்கா மட்டும் போகவில்லை. "எனக்கு எதுக்குடா திரும்பி வர்ற வார்த்தை? நான் எங்கே போனேன்?" என்றாள்.

கூடவே ஓர் ஆணையும் வந்தது. இனி அலுவலகத்தைச் சேர்ந்த ஆளோ வண்டியோ பின்னால் வருவதானால், எந்த ஆங்கில வினைச்சொல்லின்படி வருகிறது என்று மேலதிகாரி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

ஆணையின் மை காய்வதற்குள் எங்கள் புல்டோசர் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவருக்கு முன்னால் போய் நின்றது. இடிக்க வேண்டியது அடுத்த தெருவில் பாழடைந்து கிடந்த கிடங்கு. டிரைவர் ஒரு திருப்பம் முன்னாடியே திரும்பிவிட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கா ஜன்னலைத் திறந்தால், ஜன்னல் முழுக்க இரும்பு. எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, உங்க ஆபீஸ் என் வீட்டுக்கு வந்திருக்கு. கூப்பிட்டுக்கோ."

அத்தான் போன பிறகு அக்கா ஒண்டியாக நின்று கட்டிய வீடு அது. மேலதிகாரியிடம் ஓடினேன். மனிதர் நல்லவர், உடனே ஒத்துக்கொண்டார்.

"தப்பு நம்ம மேலதான்யா. வண்டி இப்பவே திரும்பணும். எந்த வெர்பு?"

கோட்டு வாத்தியாரையும் வைத்துக்கொண்டு கூட்டம் கூடியது.

"ரிட்ரீட்னு போட்டுடலாமா?" என்றார் துணை அதிகாரி.

"ஒரு சமையலறைகிட்ட தோத்துட்டோம்னு ஆயிடாதா?" என்றார் மேலதிகாரி.

"அப்போ ரிசீட்?"

"புல்டோசர் என்ன தண்ணியா?"

"புல் பேக், சார்."

"இழுக்க ஒரு ஆள் வேணுமே. அதுக்குத் தனியா டெண்டர் விடணும்."

அந்த நேரம் பார்த்துக் கணக்கர் வாய்தவறி 'ஸ்டெப் டவுன்' என்றுவிட்டார். அது பதவியை விட்டு இறங்குவது என்று கோட்டு வாத்தியார் விளக்கியதும் மேலதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "அந்த வார்த்தை இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது" என்றார். அவரைத் தேற்றவே ஒரு சுற்று டீ செலவானது.

மத்தியானம் போல வித்ட்ரா என்று ஏகமனதாக முடிவானது. சுவர் பிழைத்ததென்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி அக்காவின் போன்.

"வண்டி போயிடுச்சுடா. டிரைவருக்குப் பசியாம். தானாவே பின்னாடி எடுத்து, தெருமுனையில நிறுத்திட்டு உக்காந்து சாப்பிடுறார்."

சந்தோஷத்தில் அதை நான் சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். குலுக்கிய கைகள் பாதியில் நின்றன.

"எந்த வெர்பின்படி எடுத்தான்?" என்றார் மேலதிகாரி.

"பசியின்படி, சார்."

"அப்போ அது செல்லாது. வண்டி இப்போ தெருமுனையில நிக்குது. அங்கேயிருந்து எதை வித்ட்ரா பண்றது? முதல்ல பழைய இடத்துக்கே போகட்டும். அப்புறம் முறைப்படி திரும்பட்டும்."

"சார், அது எங்க அக்கா வீடு."

"அதனாலதான்யா முறைப்படி பண்றோம். நாளைக்கு ஒருத்தர் நம்மைக் குறை சொல்லிடக்கூடாது பாருங்க."

எல்லோருமாகக் கிளம்பிப் போனோம். டிரைவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பினார்கள். வண்டி பழைய இடத்துக்கு வந்தது. "அதே இடம்னா அதே இடம். இன்னும் ஒரு சாண் வா" என்று துணை அதிகாரி கைகாட்டினார். பசியில் இருந்த டிரைவர் சாணுக்கு முழமாக வந்தார். சமையலறைச் சுவர் அப்படியே உள்ளே சாய்ந்தது. நல்லவேளை, அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

தூசி அடங்கியதும் மேலதிகாரி ஆணையை உரக்கப் படித்தார். புல்டோசர் வித்ட்ரா ஆனது. அத்தனை கம்பீரமாக ஒரு வண்டி பின்னால் போய் நான் பார்த்ததே இல்லை. தெருவே கைதட்டியது.

அக்கா கைதட்டவில்லை. "நான் கேஸ் போடப்போறேன்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் கண்ணால பார்த்தீங்க. சாட்சி சொல்ல வருவீங்கதானே?"

"பின்னே, வராம?" என்றார் தையல்காரர்.

மேலதிகாரி தையல்காரரின் கடைப் பலகையை நிதானமாக ஒருமுறை படித்தார்.

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் வித்ட்ரா பண்ணிக்கிறேன்மா" என்றார். பெட்டிக்கடைக்காரர் புல் பேக் செய்தார். எதிர்வீட்டு மாமா ஒளிவுமறைவு இல்லாதவர். "என்னோடதை பேக் அவுட்னே வச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உச்சரிப்பு அத்தனையும் அப்பழுக்கில்லை. கோட்டு வாத்தியாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாட்சிக்கு மிஞ்சியது நான் ஒருத்தன்.

"நீ வருவேல்ல, தம்பி?"

நானோ அந்த அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவன், அவளோ கூடப் பிறந்தவள். இந்த மாதிரித் தர்மசங்கடத்துக்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது. மேல்வகுப்பில் மட்டும்தான் சொல்லித்தருவார்கள்.

"அக்கா, நான் ரிக்யூஸ் பண்ணிக்கிறேன்."

"அப்படின்னா?"

"அது ரொம்பப் பெரிய வார்த்தைக்கா. சொந்தக்காரங்க கேஸ் வந்தா ஜட்ஜுங்களே பண்றது. தமிழ்ல அதுக்குச் சரியான சொல்லே கிடையாது."

அக்கா இடிபாட்டுக்குள் குனிந்து, நசுங்கிப்போன பால் பாத்திரத்தை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"இருக்குடா," என்றாள். "நழுவறது."