நீலக் காரும் உன் அக்கா கேட்ட மேஜையும்

அன்பிலும் அறிவுரையிலும் குறை வைக்காத என் மைத்துனருக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, அவளுடைய தையல் மெஷின் ஆகிய மூவரும் சௌக்கியம். என் வலது தோள்பட்டை மட்டும் இதில் சேராது. அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் தங்கள் கார் பெயிண்ட் பட்டறையும் நலமாக இருக்க விரும்புகிறேன். பாலிஷ் மெஷின் எப்படிப் பார்த்து வாங்குவது என்று தாங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. மரியாதையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். 'தாங்கள்' போட்டு எழுதினால் உன்னைத் திட்ட வரவில்லை.

முதலில் நல்ல செய்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்காரரின் கார் ஷெட்டை விட்டுப் போகிறது. ஆறு வருடமாக அசையாமல் நின்ற வண்டி அது. ஷெட்டுக்கு அரைக் கூரைதான் என்பதால் பின்பாதி தூசியிலும் முன்பாதி மரத்தடியிலும் நின்று, பறவைகள் வஞ்சனையில்லாமல் வெள்ளையடித்து, ஜன்னல் ரப்பரில் பாசி பிடித்து, வண்டி என்ன நிறம் என்பதே வீட்டில் தகராறாகிவிட்டது. நான் நீலம் என்றேன். உன் அக்கா சாம்பல் என்றாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரரைக் கேட்டால், "பச்சைன்னு நெனைக்கிறேன், எதுக்கும் ஆர்.சி. புக்கைப் பாத்துச் சொல்றேன்" என்றார். சொந்தக்காரரே அப்படி. போன மாதம் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றுதான் வீட்டுக்காரர் என்னிடம், "நீங்களே எப்படியாவது தள்ளி விடுங்க. வண்டி போன அன்னைக்கே ஷெட்டு உங்க வீட்டம்மாவுக்கு" என்று வாக்குக் கொடுத்தார்.

ஷெட்டு எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு உறைக்க வேண்டும். உன் அக்கா ஆஸ்பத்திரிக்கு அறுபது திரைச்சீலை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். அத்தனை துணியையும் கூடத்துத் தரையில் விரித்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வெட்டுகிறாள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடமாக மேஜை தருகிறேன் என்று சொல்லும் தம்பியோ, "வைக்க எடம் எங்க அத்தான் இருக்கு?" என்று கேட்டே காலத்தை ஓட்டுகிறான். இதோ, இடம் வருகிறது. இனி என்ன சொல்வாய் என்று பார்க்கிறேன்.

இனி பாலிஷுக்கு வருவோம். புதிதாகச் செய்பவன் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் வாங்க வேண்டும், ரோட்டரி பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். என்னைப் பார்த்துப் 'புதியவன்' என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? முப்பத்தெட்டு வருடம் பல்செட் செய்தவன் நான். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு நான் பாலிஷ் போட்டது. வாய்க்குள் போகிற பொருளையே கண்ணாடியாக்கியவனுக்குத் தெருவில் போகிற பொருள் பெரிய காரியமா என்று நினைத்து, மெஷினே இல்லாமல், பல்செட் தேய்க்கும் வெள்ளைப் பொடியைக் குழைத்துத் துணியில் தொட்டு, கையாலேயே ஆரம்பித்தேன். மூன்று நாளில் ஒரு தோசைக்கல் அகலத்துக்குப் பளபளத்தது. நீலம்தான். நான் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த வேகத்தில் முழு வண்டியும் முடிய அடுத்த வருடமாகும் என்று என் தோள்பட்டை சொல்லிற்று.

ஆகவே பழைய பட்டறைப் பெட்டியைத் திறந்து, பல்செட் மோட்டாரில் மாட்டும் துணிச் சக்கரத்தை எடுத்து, சுவரில் ஓட்டை போடும் டிரில்லில் பொருத்தினேன். அது நன்றாகவே சுற்றிற்று. கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் சுற்றியதில், குழைத்து வைத்த பொடி முழுவதும் கிளம்பிக் கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே போய், உன் அக்கா அப்போதுதான் வெட்டி முடித்திருந்த பன்னிரண்டு திரைச்சீலைகள் மேல் ஒன்று விடாமல் இறங்கியது. அவள் வெளியே வந்து என்னையும் டிரில்லையும் பார்த்தாள். "பல்லு புடுங்கற வேலைய விட்டாச்சுன்னு நெனச்சேன்" என்றாள். நான் பல் பிடுங்கியவன் இல்லை, செட் செய்தவன் என்பது அவளுக்குத் தெரியும். கோபம் வந்தால்தான் அப்படிச் சொல்வாள். பன்னிரண்டையும் நானே துவைத்துக் காயப் போட்டேன்.

மறுநாள் மெஷின் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, மேல் செட் என் கைவேலை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, சொன்னால் தள்ளுபடி கேட்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு மெஷினையும் எடுத்து வைத்தார். ரோட்டரி ஒரே அச்சில் விர்ரென்று சுற்றுகிறது, என் பழைய மோட்டாரைப் போலவே. டூயல் ஆக்‌ஷனோ சுற்றிக்கொண்டே குலுங்கவும் செய்கிறது. கையால் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சும்மா குலுங்குகிறது. "என்னங்க இது, அமுக்கினா நின்னு போகுது?" என்றேன். "அதுதாங்க அதோட நல்ல குணம். பெயிண்ட்டைச் சுடாது" என்றார். உன் கடிதத்திலும் அதையேதான் எழுதியிருந்தாய். எனக்கோ ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்பவர்கள் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ரோட்டரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கியின் வலது மூலையில் இருக்கும் சாம்பல் வட்டம் விபத்து அல்ல, பரிசோதனை. ஓர் இடத்தில் செய்து பார்த்த பிறகே மற்ற இடத்தில் கை வைக்க வேண்டும் என்று நீதானே எழுதினாய்? செய்து பார்த்தேன். மூலையில் வைத்து எண்ணிப் பத்து நொடி, கருகல் வாசனை, அடுத்த நொடி நீலம் போய் அடியில் பூசிய சாம்பல் பெயிண்ட் எட்டிப் பார்த்தது. சாம்பல் நிறம் என்று சொன்ன உன் அக்காவின் வாக்கும் பொய்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் உண்டு. நான் ஒரு விரலை மட்டும் விட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ரோட்டரியைத் திரும்பக் கொண்டுபோனால், "யூஸ் பண்ணினதை எடுக்க மாட்டோங்க" என்றார் கடைக்காரர். சொல்லும்போதே இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எடது பக்கம் கடவாய்ல குத்துதா?" என்றேன். அவர் திகைத்துப் போனார். நான் யார் என்று சொன்னேன். பிறகு நடந்தது தொழில் ரகசியம். அரை மணி நேரம் அவர் வாயைப் பொத்திக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார், நான் உள்ளே போய், அவர் கடையிலேயே இருந்த சின்ன அரத்தால் செட்டின் விளிம்பைத் தேய்த்துப் பாலிஷும் போட்டுக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், கண் கலங்கினார், ரோட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டூயல் ஆக்‌ஷன் மெஷினோடு மூன்று ஸ்பான்ஜ் பேடும், காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை ஒரு பை நிறையவும் எடுத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அதற்கப்புறம் உன் நான்கு பக்கத்தையும் சுவரில் ஒட்டி வைத்து, எழுத்துப் பிசகாமல் செய்தேன். முதலில் நன்றாகக் கழுவினேன். மேலே சொட்டிக் காய்ந்திருந்த மரப்பாலை எண்ணெய் தொட்டு ஊற வைத்து எடுத்தேன். ரப்பர், விளக்கு, எழுத்து எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். ஒரு பட்டாணி அளவு காம்பவுண்டு மூன்று இடத்தில் தொட்டு, மெஷினைப் படுக்கை வசமாக வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். வேகம் கம்மி, அழுத்தம் கம்மி, நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. பேட் முழுக்க நீலமானபோது மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவருக்கு ஓடினேன். பழைய வண்டியில் பெயிண்ட் கொஞ்சம் பேடில் வரும், பயப்படாதீர்கள் என்று மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பதறாத காரியம் சிதறாது. முதலில் கதவுகள், பிறகு கூரை, கடைசியாகப் பானெட். பழைய காலத்துப் பெட்டி வண்டி அல்லவா, பானெட் கட்டில் மாதிரி தட்டையாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் துடைத்து முடித்துக் குனிந்து பார்த்தால், அதில் மரமும் தெரிகிறது, மாடியும் தெரிகிறது, மாடியில் வாயைத் திறந்தபடி நிற்கும் வீட்டுக்காரரும் தெரிகிறார். அவருக்குக் கீழ் வரிசையில் இரண்டு பல் இல்லை என்பது எனக்கே நேற்றுதான் தெரியும்.

இப்போது புரிகிறதா, மெஷின் தேர்ந்தெடுப்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஞாயிறு வரப்போகிறவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், விவரமானவர். பத்து மணிக்கு வருவார், பார்ப்பார், மயங்குவார், கட்டி இழுத்துக்கொண்டு போவார். பதினொரு மணிக்கு ஷெட்டைப் பெருக்கிவிடுவேன். நீ திங்கட்கிழமை மேஜையோடு வந்து நிற்க வேண்டும். ஆறடி நீளம், இடுப்பு உயரம். அக்கா இனிமேல் தரையில் உட்காரக் கூடாது. சாக்குப்போக்குச் சொன்னால் உன் பிள்ளைகளின் பல்லுக்கு நான் பொறுப்பில்லை.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் பல் தேய்ப்பதிலும் சிறந்து விளங்க என் ஆசிகள். உன் பட்டறையில் தூசி படியாமல் இருக்கட்டும்.

உன் அக்காவால் இன்றுவரை சகித்துக்கொள்ளப்படும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். தபாலில் போட மறந்தது நல்லதாகப் போயிற்று. இன்று ஞாயிறு, மணி பன்னிரண்டு. கோழிப்பண்ணைக்காரர் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். பார்த்தார், மயங்கவும் மயங்கினார். பிறகு மோதிரம் போட்ட கையை மடக்கிப் பானெட்டில் நங்கு நங்கென்று இரண்டு தட்டுத் தட்டி, "தகடு கெட்டியாத்தான் இருக்கு. பின் சீட்டைக் கழட்டிட்டு தீவன மூட்டை அடுக்கிக்கலாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சிரிக்காதே. அதற்கப்புறம் பேசியது நானா என்று எனக்கே தெரியவில்லை. பிரேக் மூன்றாவது மிதியில்தான் பிடிக்கும் என்றேன், வயரை எலி கடித்திருக்கிறது என்றேன், டிக்கிக்குக் கூட்டிப்போய் நானே கருக்கிய இடத்தைத் தடவிக் காட்டி, உள்ளே துருப் பிடித்துத் தின்கிறது என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து, "வாங்க வந்தவனை வெரட்டிட்டீங்க. இனி யார் வந்தாலும் வெரட்டுவீங்க. நீங்களே வச்சுக்கங்க. வண்டியும் உங்களுது, ஷெட்டும் உங்களுது" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சாவியை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றேன். வண்டி அங்கேயே நின்றால் மேஜையை எங்கே போடுவது? அவளுடைய இடத்தை நானே கெடுத்துவிட்டேன். உன் அக்கா வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பானெட்டை அளந்துகொண்டிருக்கிறாள். "நாலரை அடி. இடுப்பு உயரம். குனியவும் வேண்டாம், முட்டி போடவும் வேண்டாம்" என்றாள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். "இவ்ளோ வழவழன்னு எந்த மேஜை கிடைக்கும்? துணி எங்கயும் மாட்டாது. நல்லாத்தான் தேச்சிருக்கீங்க" என்று முதல் முறையாகச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் என் பாலிஷை அவள் பாராட்டியது இன்றுதான்.

ஆகவே மேஜை வேண்டாம். பானெட்டின் மேல் விரிக்கக் கனமான கம்பளி ஒன்றும், காம்பவுண்டு ஆறு டப்பாவும் எடுத்துக்கொண்டு கடிதம் கண்டதும் கிளம்பி வா. அடுத்த திரைச்சீலையை விரித்துவிட்டாள். கத்தரிக்கோலின் கீழ் அலகு பானெட்டில் உரசுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.