சீமோன் இன்னும் தரையிறங்கவில்லை

விமானம் தரையைத் தொட்டதைத் தன் காதால் கேட்காமல் இனி வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை என்று மரியரட்ணம் முடிவெடுத்தார். போன கோடையில் மனைவி பேர்ணடெற்றின் சித்தியைக் கூட்டிவரப் போய், விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் காத்து நின்றவர் அவர். கால் வீங்கிவிட்டது. சித்தியோ வெளியே வந்ததும், "கனநேரம் நிக்கேல்லைத்தானே, தம்பி?" என்று கேட்டார். அதன்பிறகுதான் விமானிகளின் பேச்சைக் கேட்கும் ஸ்கானர் ஒன்றை வாங்கினார்.

இன்று லண்டனிலிருந்து பேர்ணடெற்றின் அண்ணன் சீமோன் வருகிறார். மூன்று மணிக்கு விமானம். இரண்டு மணிக்கே அவள் சேலை உடுத்து ஆயத்தமாக நின்றாள்.

"இஞ்சருங்கோ, வெளிக்கிடுவமே?"

"பொறும். இன்னும் ஒரு சத்தத்தையும் காணேல்லை."

"அப்ப நான் வானைக் கொண்டு போறன்."

"லைசன்ஸ் எடுத்து ரெண்டு மாதம். 401 ஹைவேயில ஏறி ஆரை மேல அனுப்பப் போறீர்?"

வான் வண்டியில் அவரைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது. அது அந்த வீட்டின் சட்டம். இயற்றியவரும் அவர்தான்.

ஆனால் ஸ்கானர் எந்தச் சட்டத்துக்கும் அடங்கவில்லை. இரைச்சல் திருகியைத் தளர்த்தினால் மழை கொட்டுவதுபோல் இரைந்தது. இறுக்கினால் மயான அமைதி. நடுவில் விட்டால் ஒரு டாக்சிக்காரர் முகவரி கேட்டார்.

பேர்ணடெற் கையேட்டை எடுத்து வாசித்தாள். "விமானத்துக்கு ஏ.எம்-ல வைக்கட்டாம். நீங்கள் எஃப்.எம்-ல வைச்சிருக்கிறியள்."

"விசரே உமக்கு? ஏ.எம் பழங்காலத்துச் சாமான். இவ்வளவு பெரிய பிளேன் வைச்சிருக்கிறவன் ஏ.எம்-ல கதைப்பானே?"

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், றெக்ஸ்டேலில் இருந்த அவர்களுடைய வீட்டுக் கூரையை உரசாத குறையாக ஒரு விமானம் இறங்கிப் போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின.

"சீ, உந்தச் சத்தத்தில ஒண்டும் கேக்குதில்லை," என்றார் மரியரட்ணம்.

பேர்ணடெற் கையேட்டை மூடி வைத்தாள். "அப்ப ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கீழ பேஸ்மென்றில இருந்து கேளுங்கோவன். அங்க ஒரு கரைச்சலும் இல்லை."

கலியாணம் கட்டிய நாள்முதல் இவள் சொன்ன முதல் நல்ல யோசனை என்று அவருக்குப் பட்டது.

கீழே குழப்பம் இன்னும் கூடியது. அலைவரிசையை நூற்றிப் பதினெட்டில் தொடங்குவதா, நூற்றி இருபதிலா? எண்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. எந்தப் பொத்தான் எதைச் செய்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை, பொத்தானுக்கும் தெரியவில்லை. நாலு மணியாகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஏ.எம்-க்கு மாற்றினார். உடனே ஒரு விமானியின் குரல், தரையிறங்க அனுமதி கிடைத்ததைத் திருப்பிச் சொன்னது. எந்த விமானம் என்று கேட்க அவருக்குப் பொறுமையில்லை. படிகளில் பாய்ந்து ஏறினார்.

"பேர்ணடெற், சப்பாத்தைப் போடும், கொண்ணர் இறங்கிறார்."

சோபாவில் உட்கார்ந்து சீமோன் ஒரு ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எப்பிடி இஞ்ச? இப்பதானே இறங்கிறியள்?"

"நானோ? இது ரெண்டாவது ரோல்ஸ்."

"இல்லை, என்ரை காதால கேட்டனான்."

சீமோன் கவலையோடு தங்கச்சியைப் பார்த்தார்.

"பிளேன் அரை மணித்தியாலம் முந்தியாம். எயார்போட்டுக்குப் போன் அடிச்சுக் கேட்டிட்டு, போய்க் கூட்டிக்கொண்டு வந்தன்," என்றாள் அவள்.

ஒரு கீறலாவது இருக்கும் என்ற கடைசி நம்பிக்கையோடு மரியரட்ணம் யன்னலுக்கு ஓடினார். வான் பளிச்சென்று நின்றது.

"தங்கச்சி வானை வடிவா ஓடுறாள்," என்றார் சீமோன். "நான் திரும்பிப் போற அண்டைக்கும் அவளே கொண்டுபோய் விடட்டும். நீர் கீழ இருந்து, நான் ஏறினனோ எண்டு கேட்டுச் சொல்லும்."