நடுத்தரத் தொலைநோக்கிக்குப் பெண் கேட்டுப் போன விவரம்

திண்டுக்கல்,
18-5-2003

அன்பு மருமகன் ஆண்டனிராஜுக்கு,

மாமா அருள்நாதன் எழுதுவது. அந்தோணியார் தயவில் உன் அம்மா ரோஸ்மேரியும் நானும் சுகம். அமெரிக்காவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். உன் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

நீ இப்போதிருக்கும் நடுத்தரச் செலவுத் தொலைநோக்கியை விட்டுவிட்டு, உன்னைக் கூப்பிடுகிற அந்தப் பெரிய தொலைநோக்கித் திட்டத்தில் இந்த மாதமே சேர்ந்துவிடவும். சேராவிட்டால் கொடைரோட்டு மரியசெல்வி உனக்கு இல்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் போட்டோ வந்த அன்று நீ டெலிபோனில் அவளைத் தவிர வேறு பேச்சே பேசவில்லையாம். அதனால்தான் எங்களுக்குப் பதற்றம்.

நடந்தது இது. போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனோம். அப்பா பொன்னுத்துரை, பூ வியாபாரி. "மாப்ள என்ன வேலை பாக்குறாரு?" என்றார். "விண்வெளித் தொலைநோக்கி, மீடியம் செலவில்" என்றேன். அந்தக் கடைசி இரண்டு சொற்கள் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் பாதி விவரம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "மீடியமா? ஏன், பெருசு எதுவும் அமையலையா?" என்றார். உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் அதை 'விளக்கமாகச் சொல்' என்று எடுத்துக்கொண்டேன். "பெரிய தொலைநோக்கி வேண்டாதது அல்ல, ஐயா, மங்கலான தூரத்தைக் காண அதுதான் வேண்டும். ஆனால் அது விண்ணில் ஏற ஆண்டுக்கணக்காகும், உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் அதன் வாசலில் வரிசையில் நிற்பார்கள். நடுத்தரமானது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சட்டென்று கிளம்பிவிடும். இவன் வேலை பார்க்கும் தொலைநோக்கி பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று அண்டத்தின் மிகப் பழைய ஒளியை மட்டும் அளந்து, இந்தப் பிப்ரவரியில் அண்டத்தின் வயது சுமார் ஆயிரத்து முந்நூற்று எழுபது கோடி ஆண்டு என்று சொல்லிவிட்டது, இப்படி ஒன்று பழுதானாலும் வானியல் முழுவதும் பட்டினி கிடக்காது" என்றேன். பௌதிகம் நடத்திய காலத்தில்கூட என் தொண்டை இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். உதாரணம் சொல்லாவிட்டால் பாடம் முடிந்தது போல எனக்கு இருப்பதில்லை. "போன வருடம் உங்கள் கோயில் அசன விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நடுத்தர அண்டாக்களை ஒதுக்கிவிட்டு, யாரோ ஒரே ராட்சத அண்டாவில் ஊருக்கே பிரியாணி வைக்கப்போய், அடியில் கரி, மேலே அரிசி" என்றேன்.

"அந்த அண்டா என் நேர்ச்சைங்க" என்றார் பொன்னுத்துரை.

காபி வந்தது, சர்க்கரை இல்லாமல். "பெருசுக்கு மாறச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் உன் அம்மா, "ஏண்ணே, ஊர்ல வேற பானையே இல்லையா ஒங்களுக்கு?" என்று திண்டுக்கல் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் கேட்டது நியாயம்தான்.

எனவே மாறிவிடு, அப்பு. அண்டத்தின் வயதைச் சொன்ன கூட்டத்தில் என் தங்கை மகனும் இருந்தான் என்று நூலகத்தில் பத்திரிகையைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான்; அது பெண் பார்க்கிற விஷயத்தில் கணக்கில் வராது. என் யோசனையில் தவறிருந்தால் திருத்தவும். ஆண்டவர் உன்னையும், நீ இன்னும் சேராத அந்தப் பெரிய தொலைநோக்கியையும் ஆசீர்வதிப்பாராக.

அன்பு மாமா,
அருள்நாதன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மரியசெல்வியே வந்துவிட்டாள். இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுக்கிறாளாம். "சார், அன்னிக்குச் சொன்னீங்கள்ல, அந்தப் பழைய ஒளி, அத மறுபடியும் சொல்லுங்க. கதவுக்குப் பின்னால பாதிதான் கேட்டுச்சு" என்றாள். சொன்னேன். உன் அம்மா சர்க்கரை போட்டே காபி கொடுத்தாள். "அப்பா அண்டால நானும் சாப்ட்டேன் சார். ரெண்டு நாளு வயிறு சரியில்ல. ஒங்க மருமகன் பெருசுக்குப் போறதா இருந்தா எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம். அப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு இருக்கிற இடத்திலேயே இரு. வந்தபோது என்னை சார் என்றவள், படியிறங்கும்போது "வாரேன் பெரியப்பா" என்றாள். கணவனின் தாய்மாமனை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று உன் அம்மா முறை பார்த்துச் சொல்கிறாள்.