அகர வரிசையில் வந்த வினை

பெயர்கள் அகர வரிசையில் அழகாக நின்றன. பக்கத்திலிருந்த வருகைச் சதவீதங்கள்தான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வணிகவியல் பேராசிரியருக்கு இது உறைத்தபோது வகுப்பு முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. எக்செல் கோப்பின் அடிப்படைகளை அன்றுதான் நடத்தத் தொடங்கியிருந்தார். உதாரணத்துக்கு ஏதோ ஒரு பட்டியல் போதும். அவருக்கோ நிஜக் கோப்பிலேயே காட்ட ஆசை. துறைக் கோப்புறையிலிருந்த அந்த வகுப்பின் வருகைப் பட்டியலைத் திறந்தார், பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தார், வரிசைப்படுத்த ஒரு தட்டு. குறுக்கே வந்த எச்சரிக்கையைப் படிக்காமலே ஏதோ ஒன்றைத் தட்டி ‘சரி’ என்றார்.

“முக்கியமான பாடம், உடனுக்குடன் சேவ் பண்ணணும்” என்று சேவ் செய்து, மூடியும் காட்டினார்.

ஆக, ஒருவன் வந்த நாளெல்லாம் இப்போது இன்னொருவன் கணக்கில். எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்கள் தேர்வு எழுத முடியாது. நான்கு மணிக்குப் பட்டியல் அறிவிப்புப் பலகைக்குப் போக வேண்டும்.

“பதறாதடா, நகல் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பென் டிரைவில் பழைய நகல் இருந்தது. அதை எடுக்கப் போய், கெட்ட கோப்பை நல்ல கோப்பின்மேல் இழுத்துப் போட்டார். ஏற்கெனவே இருப்பதை மாற்றட்டுமா என்று கணினி கேட்டது. வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் ‘வேண்டாம்’ சொல்லிப் பழகாத மனிதர். மாற்றச் சொல்லிவிட்டார்.

காகிதப் பதிவேடு? இந்த வருஷத்திலிருந்து அதெல்லாம் கிடையாது என்று மார்தட்டியவரே இவர்தான். பெயர் கூப்பிடும்போதுகூடத் திரையிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். “யெஸ் சார்” காதில் விழுந்தால் ஒரு டிக்.

சரி, நினைவிலிருந்து திருத்தலாம் என்று உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு பேரில் இரண்டு முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதில் ஒன்று அவருடைய மைத்துனர் மகன். அவன் படிப்பது வேறு கல்லூரியில்.

அந்நேரம் பார்த்துத் துறைத் தலைவி எட்டிப் பார்த்தார்.

“மேடம், அந்த லிஸ்ட்ல ஒரு சின்ன...”

“டிபார்ட்மெண்ட் போல்டர்லயே இருந்துச்சே சார். நானே பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன். உங்களுக்கு ஏன் வீண் சிரமம்னுதான்.”

பேராசிரியர் வேட்டை நாய் துரத்தினாற்போல் படியிறங்கி ஓடினார். ஓடி என்ன? பட்டியல் ஒட்டியாகிவிட்டது. அதன்முன் ஒரு மாணவன் வெளிறிப்போய் நின்றான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்த பிறகுதான் அவன் வகுப்புத் தலைவன் என்று தெரிந்தது. தினமும் கணீரென்று முதல் “யெஸ் சார்” அவனுடையதுதான்.

“சார்... எனக்கு முப்பத்தொண்ணா?”

குரல் கீச்சென்று வந்தது. பாவம், துக்கம் தொண்டையை அடைக்கிறது போலும். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், அவன் தலையைக் குனிந்தபடி நழுவிவிட்டான். பொன்னான பையனை அழவைத்த மகாபாவி என்று பேராசிரியர் தன்னையே திட்டிக்கொண்டார். வேலையே போனாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினார்.

“அண்ணே, அதைக் கழட்டிடுங்க” என்றார் வாட்ச்மேனிடம். “மொத்தமும் தப்பு. நான்தான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். மேடம்கிட்ட போய் ஒத்துக்கப் போறேன்.”

வாட்ச்மேன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் கடைசிவரை படித்தார்.

“என்ன சார் சொல்றீங்க? யார் வர்றான், யார் வரலைன்னு தினமும் கேட்ல நின்னு பாக்கிறவன் நான். இந்த வருஷத்துலயே இப்பத்தான் லிஸ்ட் சரியா வந்திருக்கு!”