உறை மேஸ்திரி கட்டிய ரப்பர் குழாய்

ஆம்பூரில் ஒரு பொருள் உறை இல்லாமல் இருந்தால், மேஸ்திரி அதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்துவிட்டால் அன்றைக்கே அளவெடுத்துவிடுவார்.

எங்கள் தோல் கம்பெனியில் ஆயில் இன்ஜினை ஓட்டியவர் அவர். நான் அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. பாதிரியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. ஊருக்கு அவர் உறை மேஸ்திரி. கத்தரிக்கோலுக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, சூடான டம்ளரைப் பிடிக்க ஓர் உறை, எல்லாம் தோலில். எங்கள் காவல்காரரின் ஆடு எல்லாரையும் முட்டுகிறது என்று கேள்விப்பட்டு அதன் கொம்புகளுக்கும் உறை தைத்துப் போட்டார். ஆடு முட்டுவதை நிறுத்திவிட்டது. வெட்கம் என்றார்கள் மற்றவர்கள். நாகரிகம் என்றார் மேஸ்திரி.

தைத்த உறைக்கெல்லாம் புங்க எண்ணெய் தடவித் தேய்ப்பார். எண்ணெய் குடித்தால்தான் எதற்கும் ஆயுள் என்பது அவருடைய வேதம். தோல் பதனிடும் ஊரில் அதை யாரும் மறுத்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் ஆகாய விமானம் வந்து இறங்கியது. ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு, ஆளை ஏற்றி வானத்தில் ஒரு சுற்றுக் காட்டும் சிறிய விமானம் அது. முன்னால் ஒருவர் உட்காரலாம், பின்னால் ஓட்டுபவர். ஓட்டி வந்தவர் சென்னைப் பட்டணத்து இளைஞர். அவர் பாலாற்றங்கரை மைதானத்தில் இறங்கியதற்குக் காரணம் எங்கள் ஊரின் அழகு அல்ல. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய்வரும். அந்தக் குழாய் பக்கத்து இரும்புச் சட்டத்தில் உராய்ந்து உராய்ந்து கிழிந்துவிட்டது.

மேஸ்திரியை அழைத்துவந்தார்கள். கம்பெனி பம்புக்கு வாங்கி வைத்திருந்த புதுக் குழாயில் ஒரு துண்டு வெட்டினார். ரப்பரை மாட்டும் இரும்புக் குழாயின் வாயருகே, ரப்பர் கழன்றுவிடாதபடி ஒரு மேடு இருக்கும். ரப்பரை அதைத் தாண்டி ஏற்றி, மேட்டுக்கு அப்பால் இரும்புப் பட்டை போட்டுத் திருகி முடுக்கினார். ஜாஸ்தி முடுக்கினால் ரப்பரை அறுத்துவிடும், கம்மியாக முடுக்கினால் கழன்றுவிடும் என்று சுற்றி நின்ற எங்களுக்கு விளக்கமும் சொன்னார். பிறகு, சட்டம் உரசும் இடத்துக்கு ஓர் உறை தைத்து வார் போட்டுக் கட்டினார். விமானக்காரர் உறையை மெச்சினார். ஒன்று மட்டும் சொன்னார்: ரப்பரில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் ஊதிப்போகும். மேஸ்திரி தலையாட்டினார். கள் குடிக்காதே என்று பாதிரியார் சொல்லும்போது எங்கள் ஊர் ஆட்டும் தலையாட்டல் அது.

கூலி வேண்டாம் என்றுவிட்டார் மேஸ்திரி. பதிலாக, தன் மனைவி எஸ்தரம்மாளை ஒரு சுற்று ஏற்றிக் காட்ட வேண்டும் என்றார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த எஸ்தரம்மாள் விமானத்தைப் பார்த்த நேரத்திலிருந்து வேறு பேச்சுப் பேசவில்லை.

பெட்ரோல் வாங்க விமானக்காரர் வேலூருக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பினார். அதுவரை விமானத்துக்குக் காவல் மேஸ்திரிதான். மனைவி ஏறப்போகும் விமானத்தில் உறை வறண்டு கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் அவிழ்த்து, உள்பக்கம் எண்ணெய் தேய்த்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து மறுபடி கட்டினார். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. எங்கள் முதலாளி சாயபு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எஸ்தரம்மாள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டார். விமானக்காரர் இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தினார். மேஸ்திரி கடைசியாக உறையைத் தொட்டுப் பார்த்தார். தளர்வாகக் கட்டிய வார் சதையில் பதிந்ததுபோல இறுகியிருந்தது. அவிழ்த்தார். குழாய் பருத்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினார். ஊறிய தோல்போலக் குழி விழுந்தது. ரப்பரின் வாய் கழன்றுவரும் பக்கமாக, மேட்டை நோக்கி நகர்ந்திருந்தது.

அவர் வாயைத் திறக்காதிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. குழாயை விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு இருக்கையின் பக்கம் வந்தார்.

"எஸ்தர், எறங்கு."

"இன்னாத்துக்கு?"

"எறங்குன்றேன்."

"ஊரே பாக்குது. பயமா இருந்தா கண்ண மூடிக்கினு நில்லுங்க."

கூட்டம் சிரித்தது. சம்சாரத்துக்கும் ஓர் உறை தைத்துப் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளும்படி யாரோ யோசனை சொன்னார்கள். சிரிப்பு அடங்கும்வரை மேஸ்திரி காத்திருந்தார்.

"சார் எண்ணெ வேணாம்னாரு. நான் தடவிட்டேன். கொழா ஊதிப்போச்சு. மேல போனா கழண்டுக்கும். தப்பு என்னுது."

விமானக்காரர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எஸ்தரம்மாள் கணவரின் கையைப் பிடிக்காமல் தானே இறங்கினார்.

மேஸ்திரி சீயக்காய் போட்டு இரும்புக் குழாயைத் தேய்த்துக் கழுவினார். புதுத் துண்டு வெட்டி ஏற்றினார். வேறு தோலில், சொட்டு எண்ணெய் இல்லாமல் உறை தைத்தார். விமானக்காரர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, முதலில் தான் மட்டும் ஒரு சுற்றுப் போய்வந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியவில்லை.

"இப்ப சரியா இருக்குதா?" என்றார் எஸ்தரம்மாள்.

"சார் சரின்றாரு."

"நான் சாரக் கேக்கல."

மேஸ்திரி குழாயை இன்னொரு தடவை, இரண்டு கையாலும், முழுக்கத் தடவிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்குது" என்றார். எஸ்தரம்மாள் ஏறிக்கொண்டார்.

விமானம் கிளம்பியது. ஊர் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. மேஸ்திரி மட்டும் பார்க்கவில்லை. விமானம் இறங்கவேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டபடி மைதானத்தின் நடுவில் தனியாக நின்றார். அவருடைய வழுக்கைத் தலையில் வெயில் நேராக விழுந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்று, அந்த அம்மாள் தரையில் இறங்கும்வரை என் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.