பரணில் ஏறிய கருவாடு

கர்ப்பிணி மகள் ஆசைப்பட்டுக் கேட்ட கருவாட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தவன் நான்தான். எடுத்ததோடு நிற்காமல், பழியை விமான நிலையத்தின் மேல் போட்டேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் இருப்பவன். டெல்லியில் மகள் மாலதிக்கு ஏழாவது மாதம். நானும் மனைவி சாரதாவும் முதன்முறையாக விமானத்தில் கிளம்பினோம். ஆளுக்குப் பதினைந்து கிலோதான் என்று மருமகன் சொன்ன அன்றே எடை மெஷின் வாங்கிவிட்டேன். எல்லாவற்றையும் நிறுத்தேன். (சோப்பு டப்பாவைக்கூட, சோப்போடு ஒரு முறை, சோப்பில்லாமல் ஒரு முறை.)

கிளம்பும் நேரத்தில் மைத்துனன் சேகர் முதுநகரிலிருந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். புடவையோடு வைக்க முடியாது என்று சாரதா அதை என் பெட்டியில் திணித்தாள்.

"போன் பண்ணா மாலதி இதத்தான் கேக்குறா. எத எடுத்தாலும் இத எடுத்துடாதீங்க."

பெட்டி கனத்துவிட்டது. சட்டை, வேட்டி, புத்தகம் எதையும் விட மனமில்லை. எடை மெஷினும் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். திரும்பும்போது நிறுத்துப் பார்க்க வேண்டாமா? (மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பெட்டியை எப்படி நிறுப்பது? அதன் எடையைத் தனியாகக் கூட்டிக்கொண்டேன். படித்த படிப்பு வீண்போகவில்லை.) சாரதா குளிக்கப் போனதும் பொட்டலத்தைப் பரணில் போட்டேன். கணக்கு பதினைந்துக்குள் வந்தது.

டெல்லியில் சாரதா என் பெட்டியைத் திறந்தாள். கருவாடு இருந்த இடத்தில் மெஷின் இருந்தது.

"ஏங்க, பொட்டலம் எங்க?"

"செக்கிங்ல எடுத்துட்டாங்க போல."

"கருவாட்ட எடுத்துக்கிட்டு இத வச்சுட்டாங்களா?"

மாலதி ரசம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. சாரதாவோ சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டு விமான நிலையத்தைத் திட்டித் தீர்த்தாள்.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு காலை, சேகர் வீடியோவில் வந்தான். பின்னால் எங்கள் தெரு மொத்தமும் நின்றது.

"மாமா, உங்க வீட்லேர்ந்து பொண நாத்தம் வருதுன்னு போன் பண்ணாங்க. சாவி எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்."

"நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோமே!"

"அதான் மாமா, வேற யாருன்னு பாக்குறேன்."

மழையில் பரணுக்கு மேலே ஒழுகும் என்பதை நான் மறந்திருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறிய சேகர், ஊறிப்போன பொட்டலத்தோடு இறங்கினான்.

"அக்கா! இது நான் கட்டுன கட்டுதானே?"

சாரதா போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, மூலையில் இருந்த எடை மெஷினைப் பார்த்தாள். மாலதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பரிகாரம் செய்தே தீருவது என்று அன்றைக்கே ரயில் ஏறினேன். முதுநகரில் சேகரோடு போய் நல்ல நெத்திலியாகப் பொறுக்கி வாங்கினேன். பெட்டி முழுக்கக் கருவாடு. எனக்கு ஒரே ஒரு மாற்று வேட்டி. டெல்லிக்குத் திரும்பும் ரயிலில் இருக்கும்போதே பேத்தி பிறந்துவிட்டாள். என் பெட்டியைத் திறந்ததும் மாலதி மூக்கைப் பொத்தினாள்.

"அப்பா, இப்ப அந்த வாசனையே ஆவல எனக்கு."

"கொண்டாந்தவரே சாப்புடட்டும்" என்றாள் சாரதா. ஊர் திரும்பும்வரை எனக்குக் கருவாட்டுக் குழம்புதான். ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், வீட்டைப் பூட்டுமுன் சாரதா ஏணியைக் கொண்டுவந்து சாத்துவாள். நான் ஏறி, பரண் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். வீடியோவில் பேத்தி கை தட்டுவாள்: "தாத்தாவுக்கு செக்கிங் முடிஞ்சிடுச்சு!"