செம்பவாங்கில் நான் எழுப்பிய மனிதர்

ஊழியத்துக்கென்று வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களைச் சபையார் மேடையேற்றி சாட்சி சொல்லச் சொல்வார்கள். நானும் சிங்கப்பூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் ஏறினேன். கட்டடத் தொழிலாளர்களுக்கு நடத்திய கூட்டங்கள், லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குள் நின்று பாடியது, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். செம்பவாங்கை மட்டும் விட்டுவிட்டேன். அங்கேதான் நான் ஒரு மனிதரை எழுப்பினேன். (செத்தவரை அல்ல. மதியத் தூக்கத்தில் இருந்தவரை.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வேதாகமக் கல்லூரிப் படிப்பு முடிந்த புதிது. நான் கை வைத்தால் காய்ச்சல் இறங்கும் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். ஆனாலும் நம்பினேன்.

நான் தங்கியிருந்தது புக்கிட் பாஞ்சாங்கில், சிங்கப்பூர் பாஸ்டரின் வீட்டில். ஒருநாள் அவர் சொன்னார்: "தம்பி, செம்பவாங்ல சாமுவேல் அங்கிள்னு ஒருத்தர். ஷிப்யார்ட்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். ரொம்ப முடியாம படுத்திருக்கார். நாளைக்கு ரெண்டு பேரும் போய் ஜெபம் பண்ணிட்டு வருவோம்."

மறுநாள் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. சாயங்காலம் சேர்ந்து போகலாம் என்றார். நான் கேட்கவில்லை.

"நான் போயிருதேன் பாஸ்டர். இத்துணூண்டு ஊருல வழி தப்பிருமாக்கும்?"

"பிளாக் நம்பரப் பாத்துப் போங்க லா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்" என்றார், அந்த ஊர் 'லா'வோடு.

பார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. எண்ணுக்குப் பின்னால் 'ஏ' என்று ஓர் எழுத்து இருந்ததை மட்டும் நான் மதிக்கவில்லை. எங்கள் தெருவில் கதவிலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தைத் தபால்காரரே மதிப்பதில்லை. ஆனால் சிங்கப்பூரில் அந்த ஓர் எழுத்து முழுசாக ஒரு கட்டடம். நான் 'பி' கட்டடத்தில் மின்தூக்கி ஏறி, சரியான மாடியில், சரியான கதவெண்ணுக்கு முன்னால், தவறான வீட்டில் போய் நின்றேன்.

வெள்ளைச் சட்டை, கையில் கனமான கறுப்புப் பை. உள்ளே வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் சின்னப் புட்டியில் ஒலிவ எண்ணெயும். மரக்கதவு திறந்திருந்தது. இரும்புக் கதவைத் தட்டினேன். அடுப்படியிலிருந்து எதையோ பொரிக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல் வந்தது.

"வந்துட்டீங்களா தம்பி? காலையிலேருந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம். கேட்டு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டு உள்ள வாங்க. கையெல்லாம் எண்ணெய், நான் இப்ப வர முடியாது."

திரை இழுத்துவிட்ட கூடம். வெளிச்சத்திலிருந்து வந்த எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோபாவில் கைலியும் பனியனுமாக ஒரு பெரியவர் மல்லாந்து கிடப்பது தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அசைவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"ஒரு வாரமாச்சு. ராத்திரியெல்லாம் கர்ரு கர்ருனு ஒரே சத்தம். விடிஞ்சு பாத்தா தண்ணியா ஒழுகிக் கிடக்கு."

எனக்கு நெஞ்சு உருகியது.

"வயசாயிடுச்சுல்ல தம்பி. இத்தன வருஷம் ஓடுனதே பெரிசு. பிள்ளைங்க புதுசா மாத்திடலாங்குறாங்க. எனக்குத்தான் மனசு வரல."

திடுக்கிட்டேன். பெற்ற பிள்ளைகளா இப்படிச் சொல்வது! அந்நிய தேசத்தில் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்று நினைத்துக்கொண்டு பையைத் திறந்தேன். எண்ணெயை விரலில் தொட்டு (தொட்டு என்ன, ஊற்றி) பெரியவரின் நெற்றியில் பூசினேன். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே! இந்தக் கர்ரு கர்ரு சத்தத்தைக் கடிந்துகொள்ளும்! ஒழுகுகிற தண்ணீரை நிறுத்தும்! மாற்றிவிடத் துடிக்கிற பிள்ளைகளின் கல் மனதை உடையும்! சித்தமானால் எழுப்பும், இல்லையென்றால் சமாதானத்தோடே சேர்த்துக்கொள்ளும்!"

என் கைக்கடியில் தலை அசைந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கை வைத்த மாத்திரத்தில் அசைவு! உற்சாகத்தில் இன்னும் பலமாக அழுத்தினேன். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திமிறியது.

"எழுந்திரும்! அல்லேலூயா, எழுந்திரும்!"

"யாருடா நீ? தலைய விடுடா! மும்தாஜ்! மும்தாஜ்!"

கண்ணைத் திறந்தேன். எனக்கு எதிரே, சுவரில், அரபு எழுத்தில் பொன்னிறமாக ஒரு படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அந்தப் பெரியவர் மூக்கில் எண்ணெய் வடிய, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படி வாசலில் தலையில் முக்காட்டோடு ஓர் அம்மா, கையில் ஜல்லிக்கரண்டியுடன்.

அதே நேரத்தில் வாசலில் ஏணியோடு ஒருவர் வந்து நின்றார். "அக்கா, ஏர்கான் ரிப்பேருக்கு வரச் சொன்னீங்களே. எந்த ரூம்ல?"

ஒரு வாரமாகக் கர்ரு கர்ரு என்று சத்தம் போட்டு ஒழுகியது ஏசி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா அவருடைய கருவிப் பையைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். மதம் சம்பந்தப்பட்ட காரியத்தில் அந்த நாடு எவ்வளவு கண்டிப்பு என்று முதல் நாளே பாஸ்டர் சொல்லியிருந்தார். இவர்கள் ஒரு புகார் கொடுத்தால் போதும். என்னை விமானம் ஏற்றுவது இருக்கட்டும், அந்தச் சின்னச் சபையின் கதி?

தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் கைலி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டீங்களா தம்பி?"

"இல்ல அங்கிள்... போகப் போறீங்கன்னு..."

ஏணிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சரியான வீடாவே இருந்தாலும், படுத்திருக்குற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? கேக்காம கொள்ளாம தலையில கை வச்சிருவீங்களா?"

கல்லூரியில் எங்களுக்கு எப்படி ஜெபிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டு ஜெபிக்க வேண்டும் என்பது சொல்லிக்கொடுக்கிற விஷயமே இல்லை, அது இயல்பாக இருக்க வேண்டியது. எனக்கு இல்லை. தலையைக் குனிந்தபடி, "மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

பெரியவர்தான் பேச்சை மாற்றினார். "யாரைத் தேடி வந்தீங்க?"

"சாமுவேல் அங்கிள். ஷிப்யார்ட்ல..."

"நம்ம சாமுவேலா? அவனுக்கு என்ன?" சட்டென்று எழுந்துவிட்டார். "நானும் அவனும் ஒண்ணா வெல்டிங் பண்ணவங்க. ஆளைக் காணோமேன்னு பாத்தேன். மகள் வீட்டுக்குப் போயிருக்கான்னுல்ல நெனச்சேன்!"

சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். அந்த அம்மா சோமாசி மாதிரி பொரித்த கறிபஃப்பை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தார். எனக்கும் ஒன்று தட்டில் வைத்து நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கறிபஃப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

சாமுவேல் அங்கிள் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். காதர் அங்கிள் (அதுதான் அவர் பெயர்) அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "சொல்லி அனுப்ப மாட்டியாடா?" என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அப்புறம், நிலைமையைச் சமாளிக்கவோ என்னவோ, என் கதையை ஆரம்பித்தார். நடித்தே காட்டினார். என் குரலில் "எழுந்திரும்!" என்று அவர் கத்தியபோது சாமுவேல் அங்கிள் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகள் தண்ணீரோடு ஓடிவந்தாள். நான் மூலையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும், "ஜெபிக்கலாமா அங்கிள்?" என்று சாமுவேல் அங்கிளிடம் கேட்டேன்.

"பண்ணுங்க தம்பி. ஆனா நான் கண்ணைத் திறந்து உங்களையே பாத்துக்கிட்டுதான் இருப்பேன்."

என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அதுதான். அதன் நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காதர் அங்கிளா, மகளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்டர் கதவைத் திறந்தார். "இனிமே நான் இல்லாம எங்கயும் போகாதீங்க" என்றார். ஊர் திரும்பும் வரை அடுத்த தெருக் கடைக்குக்கூட அவர் துணையோடுதான் போனேன். சாமுவேல் அங்கிள் அதற்குப் பிறகும் பல மாதம் இருந்தார். காதர் அங்கிள் தினமும் போய் உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டேன். அதில் என் ஜெபத்துக்குப் பங்கு உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறேன். கல்யாணமானதும் மனைவி காரணத்தைக் கேட்டாள். சொல்லித் தொலைத்தேன். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். நான் இப்போது பாஸ்டராக இருக்கிற சபையில், போன மாதம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர், "எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கணும்" என்றிருக்கிறார். ஒரு பையன் எழுந்து, "அப்ப பாஸ்டர் மட்டும் ஏன் திறந்துகிட்டே ஜெபிக்காரு?" என்று கேட்டானாம். டீச்சர் யோசிப்பதற்குள் என் இளைய மகள் பெருமையோடு எழுந்துவிட்டாள்.

"எங்கப்பா கண்ண மூடுனா, நல்லா இருக்கிறவங்களையும் மோட்சத்துக்கு அனுப்பிருவாங்க டீச்சர்."